டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: கர்ப்பிணிக்குப் பிளேட்லெட் குறைந்தால்...

இரத்தசோகை பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறையப் பேர் ஹீமோகுளோபினை விட்டுவிட்டு, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். டெங்கு வருடா வருடம் வந்து இந்தச் சொல்லை எல்லா வீட்டுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டது. கூடவே பயத்தையும். "கவுண்ட் இறங்கிவிட்டது" என்று யாராவது சொன்னாலே வீடு முழுக்க அழ ஆரம்பித்துவிடுகிறது. அது கர்ப்பிணியின் ரிப்போர்ட் என்றால் சொல்லவே வேண்டாம். அதனால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

தலைப்பிரசவம். 34 வாரம் முடிந்திருக்கிறது. மூன்றாம் மாதத்தில் பிளேட்லெட் 2.1 லட்சம் இருந்தது. ஏழாம் மாதம் 1.6 லட்சம். போன வாரம் 1.12 லட்சம் என்று வந்து, தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். பிபி 110/70. காய்ச்சல் எதுவும் இல்லை. மாமியார் தினமும் காலையில் பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறார். ஞாயிறும் புதனும் ஆட்டுச் சுவரொட்டி சமைத்துத் தருகிறார். குழந்தைக்கும் பிளேட்லெட் குறையுமா? சிசேரியன் என்றால் இரத்தம் நிற்காதா? முதுகில் ஊசி போட மாட்டார்கள் என்கிறார்களே? – வாசகி, அருப்புக்கோட்டை

நல்ல கடிதம் எழுதியிருக்கிறீர்கள். நல்ல கடிதம் என்று சொல்வதற்குக் காரணம், மூன்று மாதக் கணக்கையும் வரிசையாகக் கொடுத்திருக்கிறீர்கள். பலர் கடைசி எண்ணை மட்டும் எழுதி "ஆபத்தா?" என்று கேட்கிறார்கள். 1.12 லட்சம் என்ற எண் தனியாக எனக்கு எதையும் சொல்லாது. எங்கிருந்து, எவ்வளவு நாளில், எப்படி இறங்கியது என்று தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். உங்களுக்கு ஆரம்பத்தில் நன்றாக இருந்திருக்கிறது. மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. பிபி சரியாக இருக்கிறது. பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம், மூக்கில் இரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி என்று எதையும் நீங்கள் எழுதவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், கர்ப்பத்தினாலேயே வருகிற சாதாரணக் குறைவு போலத்தான் தெரிகிறது. உங்களை நேரில் பார்க்கிற டாக்டர் ஒரு முறை இரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் பார்த்து உறுதிசெய்யட்டும்.

ஏன் குறைகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கர்ப்ப காலத்தில் இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. ரசத்தில் வெந்நீர் ஊற்றி நாலு பேருக்குப் போதுமானதை ஆறு பேருக்கு ஆக்கினால், கரண்டிக்கு வருகிற பருப்பு குறையும் அல்லவா? மொத்தப் பருப்பு எங்கும் போகவில்லை. இது முதல் காரணம். அடுத்து மண்ணீரல். நம் எல்லோருக்குமே மூன்றில் ஒரு பங்கு பிளேட்லெட் அங்கேதான் தங்கியிருக்கும். கர்ப்ப காலத்தில் அது கொஞ்சம் பெரிதாகி இன்னும் அதிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. போதாததற்கு நஞ்சுக்கொடியின் இரத்த ஓட்டத்திலும் கொஞ்சம் செலவாகிறது. எலும்பு மஜ்ஜை புதிதாகச் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு பிளேட்லெட்டின் ஆயுளே 7 முதல் 10 நாள்தான்.

அமெரிக்காவில் ஒக்லஹோமாவில் 7,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவக் கணக்குகளைப் பார்த்து 2018-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்குச் சராசரி 2.73 லட்சம். எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பிணிகளுக்குப் பிரசவ நேரத்தில் சராசரி 2.17 லட்சம். அந்தச் சிக்கலில்லாத பெண்களிலும் பத்தில் ஒருவருக்கு 1.5 லட்சத்துக்குக் கீழே வந்திருக்கிறது. ஆனால் 1 லட்சத்துக்குக் கீழே போனவர்கள் நூற்றில் ஒருவர்தான். அதனால்தான் 1 லட்சத்தைத் தாண்டிக் கீழே போனால் "கர்ப்பம்தானே" என்று விடாமல் வேறு காரணம் தேடச் சொல்கிறோம். உங்கள் 1.12 இன்னும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. லேப் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்ததற்குக் காரணம், அங்கே அச்சடித்திருக்கும் 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் என்ற அளவு எல்லோருக்கும் பொதுவானது. கர்ப்பிணிக்கென்று தனியாகப் போட்டதல்ல.

குழந்தைக்கு இதனால் பிளேட்லெட் குறையாது. பிரசவம் சுகப்பிரசவமா, சிசேரியனா என்பதை இந்த எண் தீர்மானிக்கக் கூடாது. சிசேரியன் தேவைப்பட்டாலும் 50,000-க்கு மேல் இருந்தால் அறுவை சிகிச்சை செய்யலாம். முதுகில் ஊசிக்கு முன்பெல்லாம் 1 லட்சம் வேண்டும் என்பார்கள். கர்ப்பத்தினால் வரும் இந்தக் குறைவில் 70,000-க்கு மேல் நிலையாக இருந்தால் போடலாம் என்று 2021-இல் அமெரிக்க மகப்பேறு மயக்க மருந்து நிபுணர்கள் பரிந்துரைத்திருக்கிறார்கள். கடைசி முடிவு உங்களுக்கு ஊசி போடப்போகும் மயக்க டாக்டருடையது. பிரசவத்துக்கு முன்பே ஒரு நாள் அவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டிவிடுங்கள். வலி எடுத்த பிறகு இரவு இரண்டு மணிக்கு அதைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

இனி சாப்பாடு. உங்கள் மாமியாரின் அக்கறையை மதிக்கிறேன். காலையில் எழுந்து இலை பறித்து, இடித்து, பிழிந்து கொடுப்பது லேசான வேலையல்ல. ஆனால் பப்பாளி இலைச் சாற்றை இன்றோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிக்கு அது பாதுகாப்பானது என்று யாரும் நிரூபித்ததில்லை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. சுவரொட்டி ஆட்டின் மண்ணீரல். அதில் இரும்புச்சத்து நிறைய உண்டு, ஹீமோகுளோபினுக்கு நல்லது, நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடலாம். அதனால் பிளேட்லெட் ஏறாது. மாதுளை, பேரீச்சை, பீட்ரூட் எல்லாம் அப்படித்தான். ஒரே ஒரு விதிவிலக்கு: பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் உடம்பில் மிகவும் குறைந்துபோனவர்களுக்குப் பிளேட்லெட்டும் குறையும். சுத்த சைவமாகச் சாப்பிடுபவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறை கவுண்ட் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் கழித்து ஒருமுறை. பெரும்பாலோருக்கு அதற்குள் தானாக ஏறிவிடும். ஏறாவிட்டால்தான் இரத்தநோய் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

என் மனைவிக்கு எட்டாம் மாதம். நேற்றிலிருந்து மேல் வயிற்றில் வலி, இரண்டு தடவை வாந்தி. கேஸ் என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், கேட்கவில்லை. முகமும் காலும் வீங்கியிருக்கின்றன. நாலு நாள் முன்னால் எடுத்ததில் பிளேட்லெட் 88,000. என்ன சாப்பிட்டால் கூடும்? – வாசகர், டெல்டா மாவட்டம்

இந்தக் கேள்வி மின்னஞ்சலில் வந்தது. பத்திரிகை அலுவலகத்தில் அதைப் படித்த பெண் அடுத்த இதழுக்கு என்று எடுத்துவைக்காமல் அப்போதே என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். கணவரிடம் உடனே பேசினேன். அவர் என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்றே கேட்டார். நான் பிபி எவ்வளவு என்று கேட்டேன். மூன்று வாரமாக யாரும் பார்க்கவில்லை. தலைவலி இருக்கிறதா என்றேன். "ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டே இருக்கா மேடம், வெயில்னு நினைச்சேன்" என்றார். போனை வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள், சின்ன கிளினிக்குக்குப் போகாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போங்கள் என்றேன்.

அங்கே பார்த்தபோது பிபி 170/110. பிளேட்லெட் 61,000-க்கு வந்திருந்தது. கல்லீரல் என்சைம்கள் பல மடங்கு கூடியிருந்தன, இரத்தச் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பித்திருந்தன. பிளேட்லெட் குறைவது, கல்லீரல் என்சைம் கூடுவது, சிவப்பணு உடைவது, இந்த மூன்றும் சேர்ந்து வருவதற்கு ஹெல்ப் (HELLP) சிண்ட்ரோம் என்று பெயர். 1982-இல் லூயிஸ் வைன்ஸ்டீன் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் வைத்த பெயர். கர்ப்ப கால இரத்தக் கொதிப்பின் கொடிய வடிவம் இது. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பிபியைக் குறைத்து, அன்று இரவே குழந்தையை எடுத்தார்கள். இதற்குக் குழந்தையை வெளியே எடுப்பதுதான் மருந்து, வேறு மருந்து கிடையாது. மூன்றாம் நாளிலிருந்து கவுண்ட் ஏறத் தொடங்கியது. தாயும் மகளும் இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு உதவும் என்று அவர்களே போடச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கணவர் அன்பில்லாதவர் அல்ல. மனைவிக்காக மருந்துக்கடைக்கு ஓடியிருக்கிறார், பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன், தயவுசெய்து வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் படித்துக்காட்டுங்கள். ஐந்து மாதத்துக்கு மேலான கர்ப்பிணிக்கு வலது விலாவுக்குக் கீழே அல்லது நெஞ்சுக்குழியில் வலி, விடாத தலைவலி, கண் மங்கல், கண்ணில் பூச்சி பறப்பது, திடீரென்று முகம் கை வீங்குவது, வாந்தி, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே பிபி பார்க்க வேண்டும். கேஸ் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. 140/90-ஐத் தொட்டாலே டாக்டரிடம் போக வேண்டும். 160/110 என்றால் அது அவசர நிலை. சிலருக்குப் பிபி அவ்வளவாக ஏறாமலே ஹெல்ப் வருவதும் உண்டு. அதனால் "பிபி சரியாக இருக்கிறது, போங்கள்" என்று சொன்ன பிறகும் வலி நிற்கவில்லையென்றால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். பிரசவம் முடிந்த முதல் இரண்டு நாளிலும் இது வரலாம்.

அருப்புக்கோட்டை வாசகிக்கு 1.12 லட்சம், இவர் மனைவிக்கு 88,000. காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு உடம்பு கர்ப்பத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. இன்னொருவருக்கு இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பிளேட்லெட் குறைந்த கர்ப்பிணிக்கு முதலில் பார்க்க வேண்டியது பிபி. நம் வீடுகளில் முதலில் பார்ப்பது சமையலறை. இதை மாற்ற வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியரிடம் பிபி பார்க்கக் காசு கிடையாது.

இந்தத் தம்பதிக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை கர்ப்பம் உறுதியானதும், 16 வாரம் ஆவதற்குள், குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். உங்களைப் போன்றவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பை அது குறைக்கும்.

தங்கைக்கு 10 வாரம். பிளேட்லெட் 42,000. சின்ன வயதிலிருந்தே மூக்கில் இரத்தம் வரும், மாதவிலக்கிலும் நிறையப் போகும். ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். குழந்தை ஊனமாகிவிடும், கலைத்துவிடலாம் என்று வீட்டில் பேசுகிறார்கள். – வாசகி, நாமக்கல்

இந்த ஒரு காரணத்துக்காகக் கலைக்க வேண்டாம். முதலில் இதை உங்கள் வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதத்துக்குள்ளேயே இவ்வளவு குறைந்திருந்தால் அது கர்ப்பத்தினால் வந்ததல்ல, முன்பே இருந்தது. பெரும்பாலும் ஐடிபி என்ற நிலையாக இருக்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை எதிரி என்று நினைத்து அழிப்பது. ஆனால் சின்ன வயதிலிருந்தே மூக்கில் இரத்தம் என்று எழுதியிருப்பதால், பரம்பரையாக வரும் கோளாறையும் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கோ, அம்மா வழியில் வேறு யாருக்காவதோ, அப்பா வழியிலோ இப்படி உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு இரத்தநோய் மருத்துவரிடம் போங்கள். தைராய்டு, ஹெபடைடிஸ், எச்ஐவி, லூபஸ் பரிசோதனைகளும் எடுக்கச் சொல்வார்கள். அது சந்தேகப்பட்டு அல்ல, எல்லோருக்கும் எடுப்பதுதான்.

ஐடிபி என்று முடிவானால், இரத்தக் கசிவு இல்லாமல் 30,000-க்கு மேல் இருக்கும் வரை பல டாக்டர்கள் மருந்தே தராமல் கவனித்துக்கொண்டு வருவார்கள். பிரசவ நாள் நெருங்கும்போதுதான் ஏற்றப் பார்ப்பார்கள். அதற்குக் கொடுக்கும் பிரெட்னிசலோன் மாத்திரையில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடும், குழந்தைக்குப் போவது கொஞ்சம்தான். தாய்க்குச் சர்க்கரையும் பிபியும் ஏறலாம் என்பதால் அதைக் கவனிக்க வேண்டும். அவசரத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். சீக்கிரம் வேலை செய்யும், விலை அதிகம், சில வாரத்தில் பலன் வடிந்துவிடும்.

குழந்தைக்கு என்ன ஆகும் என்பதுதான் உங்கள் பயம். தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகலாம். பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்துக்குக் கவுண்ட் 50,000-க்குக் கீழே இருக்கும். மூளையில் இரத்தம் கசிவது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதனால் ஊனம் என்று பயந்து கலைக்க வேண்டியதில்லை. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் கவுண்ட் பார்க்க வேண்டும். இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் மிகவும் இறங்கும் என்பதால் பிறந்த அன்று நன்றாக இருந்தாலும் மறுபடி பார்க்க வேண்டும். ஆயுதம் போட்டு இழுப்பது, வேக்குவம் என்ற உறிஞ்சு கருவி வைப்பது இரண்டையும் தவிர்ப்பார்கள். சிசேரியன் கட்டாயமில்லை. இரத்த வங்கியும் பச்சிளம் குழந்தைப் பிரிவும் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் இப்போதே பதிவுசெய்துவிடுங்கள்.

ஒரு லேபில் 38,000. பயந்துபோய் மறுநாள் இன்னொரு லேபில் எடுத்தால் 1.94 லட்சம். எதை நம்புவது? – வாசகி, காரைக்குடி

1.94-ஐ நம்பலாம், மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லியிருந்தால். முதல் லேப் ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம். ஊதா மூடி போட்ட குழாயில் இரத்தம் எடுப்பார்கள் அல்லவா, அதில் உறையாமல் இருக்க ஒரு இரசாயனம் இருக்கும். ஆயிரத்தில் ஒருவர் அளவில் சிலருக்கு அந்த இரசாயனம் பட்டதும் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மெஷின் அந்தக் கொத்துகளைப் பிளேட்லெட்டாக எண்ணாது. உடம்புக்குள் எல்லாம் சரியாகவே இருக்கும். நீல மூடி போட்ட சிட்ரேட் குழாயில் எடுத்தால் பெரும்பாலும் சரியான எண் வரும். இது உங்களுக்கு உண்டு என்று உறுதியானால் தாய் சேய் அட்டையின் முதல் பக்கத்திலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிரசவ நேரத்தில் தேவையில்லாமல் பிளேட்லெட் ஏற்றிவிடுவார்கள்.

எனக்குக் குறையவில்லை, கூடியிருக்கிறது. 5.2 லட்சம். ஹீமோகுளோபின் 8.1. இரத்தப் புற்றுநோயா? – வாசகி, செய்யாறு

இல்லை அம்மா, பயப்படாதீர்கள். இரும்புச்சத்து குறைந்தால் பிளேட்லெட் ஏறுவது வழக்கம். நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்கு இரத்தசோகை இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 52.2 சதவீதம். 8.1 என்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நரம்பில் போடும் இரும்புச்சத்து ஊசி அரசு மருத்துவமனையிலேயே உண்டு. ஹீமோகுளோபின் ஏறியதும் கவுண்டை மறுபடி பாருங்கள், இறங்கியிருக்கும். அப்போதும் இறங்காவிட்டால் எழுதுங்கள்.

மழைக்காலத்தில் எனக்கு ஆறாம் மாதம் இருக்கும். எங்கள் தெருவில் போன வருடம் டெங்கு. வந்தால் என்ன செய்வது? – வாசகி, தாம்பரம்

காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டரிடம் போங்கள். கர்ப்பிணிக்கு டெங்கு என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஊசி கூடவே கூடாது. ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் நிம்மதி வந்துவிடும், ஆனால் அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்தானது. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம், அசதி என்றால் உடனே சொல்லுங்கள். டாக்டர்கள் பிளேட்லெட்டோடு, இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி என்ற எண்ணையும் பார்ப்பார்கள், அதற்கேற்ப நரம்பில் திரவம் ஏற்றுவார்கள். கசிவு எதுவும் இல்லாதபோது எண்ணைப் பார்த்துப் பதறிப் பிளேட்லெட் பை ஏற்றச் சொல்லி டாக்டரை வற்புறுத்தாதீர்கள். நிலவேம்புக் குடிநீரைக் கர்ப்பிணிகள் தாமாகக் குடிக்க வேண்டாம். ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், அதனால் மதியத் தூக்கத்துக்கும் கொசுவலை வேண்டும்.

முதல் பிரசவத்தில் 95,000 வரை இறங்கி, குழந்தை பிறந்த பிறகு 2.3 லட்சம் ஆனது. இப்போது மறுபடி கர்ப்பம். திரும்ப வருமா? – வாசகி, தென்காசி

வரலாம், வந்தாலும் பெரும்பாலும் போன முறை போலவே இருக்கும். 12 வாரத்துக்குள் ஒருமுறை கவுண்ட் எடுத்துவிடுங்கள். அது நன்றாக இருந்தால் பின்னால் இறங்கும்போது காரணம் கண்டுபிடிப்பது எளிது. போன பிரசவ ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும், குறிப்பாகப் பிரசவத்துக்குப் பிறகு எடுத்த அந்த 2.3 லட்சத்தை, புதிய டாக்டரிடம் முதல் நாளே கொடுத்துவிடுங்கள்.